இடித்தால் ஃபெயில் இல்லை

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். டிரைவிங் ஸ்கூல் காரில் இடது பக்க சீட்டில் ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள், உங்களுக்கும் வரும். இண்டிகேட்டர் போடு என்றால் வைப்பரைப் போடுவார்கள். கண்ணாடியைப் பார் என்றால் பொட்டைச் சரி செய்துகொள்வார்கள். எதிரே தண்ணீர் லாரி வரும்போது ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொண்ட மகராசியும் உண்டு. இதையெல்லாம் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

பிறந்தது இந்தக் கன்னட ஊரிலேயே, மர்பி டவுன். வாக்கப்பட்டதும் அங்கேயே, நாலு தெரு தள்ளி. என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நான் அல்சூரில் ஒரு சின்ன டிரைவிங் ஸ்கூலில் இன்ஸ்ட்ரக்டர். பெண்கள் கற்றுக்கொள்ள வந்தால் என்னிடம்தான் அனுப்புவார்கள். கார் என் சொந்தக் கார். எண்ணூறு சிசி, பழசு, பதினைந்து வருடம் தாண்டிப் பேப்பரைப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருப்பது. வாரநாளில் ஸ்கூலுக்கு வாடகைக்கு, ஸ்கூல் போர்டைத் தலையில் சுமந்துகொண்டு ஓடும். ஞாயிற்றுக்கிழமை போர்டைக் கழற்றினால் வீட்டுக் கார். நீலசந்திராவில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கும், ரேஷன் கடைக்கும், யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கும் அதுதான் போகும்.

ஸ்கூல் கார் என்பதால் என் பக்கமும் காலடியில் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். ஆக்ஸிலரேட்டர் மட்டும் இருக்காது. அந்த சீட்டில் உட்கார்ந்தால் வண்டியை நிறுத்தலாம், ஓட்ட முடியாது. இத்தனை வருடம் நான் பார்த்த உத்தியோகம் அதுதான்.

போன வருடம் ஒரு காலேஜ் பெண் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். அல்சூர் ஏரிக்கரை ஓரத்தில் ஒரு பெரியவர் தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் வைத்துக்கொண்டு நின்றார். என் பிரேக்கை நான் மிதித்தேன். வண்டி அவர் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. பெரியவர் என்னை ஒரு தடவை பார்த்தார், பிறகு பழத்தை அடுக்க ஆரம்பித்துவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள், ஒன்றும் ஆகவில்லையே என்று.

ஆனால் அன்றிலிருந்து என் வலது கால் என்னைக் கேட்பதை நிறுத்திவிட்டது. முன்னால் நாய் நடந்தால் பிரேக். ஆட்டோ திரும்பினால் பிரேக். காகிதம் பறந்தால் பிரேக். ஓட்டுகிற பெண் பிரேக் போடுவதற்குள் நான் போட்டிருப்பேன். அவளுக்குத் தான் ஓட்டுகிறாளா இல்லையா என்றே தெரியாது. நான் பயந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ராத்திரி நன்றாகத் தூங்கினேன், நன்றாகச் சாப்பிட்டேன். கால் மட்டும்தான் தன் இஷ்டத்துக்குப் போனது.

ஸ்கூலில் மற்ற இன்ஸ்ட்ரக்டர்கள் 'பிரேக் மேடம்' என்று பேர் வைத்தார்கள். என் காதில் விழும்படி யாரும் சொன்னதில்லை, அந்த அளவுக்கு அவர்களுக்கு உயிர் மேல் ஆசை இருந்தது.

கடைசியில் என் காலைப் பற்றி வெளிப்படையாகச் சொன்னது ஒரு திருநெல்வேலிப் பெண். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, அல்சூரில் பிஜி ஹாஸ்டலில் தங்கியிருந்தாள், என்னிடம் கற்றுக்கொள்ள வந்தவள். ஒருநாள் கிளாஸ் முடிந்ததும் நேராக ஆபீஸுக்குள் நடந்து ஓனர் முன்னால் நின்றாள். நானும் பின்னாலேயே போனேன்.

"சார், நான் ஓட்டவே இல்ல சார். சும்மா ஸ்டீயரிங்கப் புடிச்சிட்டு இருக்கேன். மேடம்தான் ஓட்டுதாங்க."

ஓனர் என்னைப் பார்த்தார். அவருக்கு அப்பா காலத்திலிருந்து இந்த ஊர்தான். பாதி தமிழ், பாதி கன்னடம். "வேற இன்ஸ்ட்ரக்டர் மாத்திக் குடுக்கட்டா?" என்று அவளிடம் கேட்டார்.

"வேண்டாம் சார். மேடம் நல்லாத்தான் சொல்லிக் குடுக்காங்க. அந்தக் கால மட்டும் எடுக்கச் சொல்லுங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவ்வளவு நாள் இவளுக்குத் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன், ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

அவள் போனதும் ஓனர் பேனாவை மூடி வைத்தார். "ஏம்மா, இது முதல் கம்ப்ளைன்ட் இல்ல. நான்தான் சொல்லாம இருந்தேன். மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். கால் நிக்கலன்னா நீ ஃபோன் டேபிளுக்கு வந்துடு."

ஃபோன் டேபிள் என்றால் வாசல் ஓரத்தில், தண்ணீர் கேன் பக்கத்தில் ஒரு ஸ்டூல். ஃபீஸ் எவ்வளவு, லைசென்ஸ் எப்போது வரும் என்று கேட்கிறவர்களுக்கு நாள் முழுக்க ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். என் கார் வெளியே வெயிலில் நிற்கும், அதில் வேறொருவன் உட்கார்ந்து போவான். கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தலை போனாலும் அந்த ஸ்டூலில் உட்கார்வதில்லை என்று அப்போதே முடிவு. கால் எப்படி நிற்கும் என்பதற்குத்தான் வழி தெரியவில்லை.

மறுநாளும் அவளே வந்தாள். இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனோம். சிக்னலில் நின்றபோது அவளுக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது, ஃபோனை எடுத்து ஒரு வீடியோ காட்டினாள். அவள் ஆபீஸ் ஆள்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் போவார்களாம். வெறும் மண் தரை. ஆரஞ்சு நிறக் கோன்களை நட்டு வைத்திருந்தார்கள். ஒரு சாதாரண கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு அவற்றைச் சுற்றி வளைந்து வளைந்து போனது. ஆட்டோகிராஸ் என்றாள்.

"ரேஸா?"

"ரேஸ்தான் மேடம், ஆனா ஒரு நேரத்துல ஒரு வண்டிதான் போகும். இன்னொரு வண்டியே குறுக்க வராது. நேரத்தை மட்டும் பாப்பாங்க. ஆபீஸுக்குக் கொண்டு போற வண்டியவே கொண்டு வாராங்க."

"லெஃப்ட் சீட்டுல யாரு?"

"யாருமில்ல மேடம். தனியாத்தான் ஓட்டணும்."

சிக்னல் விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் அவளைக் கிளம்பச் சொல்ல மறந்து உட்கார்ந்திருந்தேன். குறுக்கே நாய் இல்லை, ஆட்டோ இல்லை, கொய்யாப்பழ வண்டி இல்லை, பக்கத்தில் தப்பாக மிதிக்க ஒரு பெண் இல்லை. அங்கேயும் இந்தக் கால் பிரேக்குக்குத்தான் போகுமா? போனால் குற்றம் என்னுடையது, ஃபோன் டேபிளுக்குப் போய் வாயை மூடிக்கொண்டு உட்காரலாம். போகவில்லை என்றால் இந்த சீட்டை விட்டு என்னை எவன் எழுப்புகிறான் என்று பார்த்துவிடலாம். அன்று சாயங்காலமே அவளை வைத்துப் பேர் கொடுத்தேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இன்னாத்துக்கு உனக்கு இது? அந்த வண்டி தொட்டபெட்டா மலை ஏறச்சொல்லவே முக்குச்சு."

"முக்கினாலும் ஏறிச்சா இல்லியா?"

"ஏறிச்சு."

"அப்ப கம்முனு சாப்புடு."

அவர் கம்மென்று சாப்பிட்டார். அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்தது அதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கேட்காமலே டயரில் காற்று பார்த்தார், பேட்டரியை அசைத்துப் பார்த்துக் கிளாம்பை இறுக்கினார், தன் ஸ்கூட்டர் ஹெல்மெட்டை எடுத்து வந்து என் தலையில் மாட்டினார். பெரிதாக இருந்தது. உள்ளே ஒரு துண்டை மடித்துத் திணித்தார்.

இடம் ஹொசகோட்டே தாண்டி. யாரோ லேஅவுட் போடுவதற்காகச் சமப்படுத்தி வைத்திருந்த செம்மண் நிலம். நானும் வீட்டுக்காரரும் திருநெல்வேலிக்காரியும் போய் இறங்கியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அங்கே நின்ற வண்டிகளில் பாதி நம் வண்டி மாதிரிதான் இருந்தன, பெயின்ட் வெளுத்து, பம்பரில் கீறலோடு. பையன்கள் அதற்குப் பக்கத்தில் ஏதோ போர் விமானத்தை ஓட்டி வந்தவர்கள் மாதிரிக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றார்கள்.

பேர் பதிகிற மேஜையில் ஒரு தாடிக்காரப் பையன். "ஆன்ட்டி, லேடீஸ் கிளாஸ்தானே? அதுல மூணே பேர்தான், கப் வாங்க சான்ஸ் இருக்கு."

"வண்டி எந்த கிளாஸோ அதுல போடு."

"அதுல எல்லாம் பாய்ஸ் ஆன்ட்டி."

"வண்டிக்கு அது தெரியாதுப்பா. போடு."

போட்டான். அடுத்தது வண்டியைச் சோதிக்கிற இடம். உள்ளே ஆடுகிற பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்று சொன்னார்கள். மேட், தண்ணீர் பாட்டில், குடை, ஜாக்கி எல்லாம் இறங்கின. டிக்கியிலிருந்து ரேஷன் கோதுமை மூட்டை ஒன்று வந்தது, போன வாரம் இறக்க மறந்தது. வீட்டுக்காரர் அதை நிலத்தின் ஓரத்தில் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து குடையை விரித்துக்கொண்டார். இடது பக்கப் பெடல்களைப் பார்த்துச் சோதிக்கிறவர் சிரித்தார். அங்கே யாரும் உட்காரப் போவதில்லை, இருக்கட்டும் என்றார். பிறகு பின் கண்ணாடியைக் காட்டி, "எல் ஸ்டிக்கர் இருக்கே மேடம்?" என்றார். உரித்தால் பசை ஒட்டிக்கொண்டு கண்ணாடி கெட்டுப் போகும், அதுவும் இருக்கட்டும் என்றேன். கதவில் இருந்த ஸ்கூல் பேருக்குப் பக்கத்தில் என் நம்பரை ஒட்டினார்கள்.

ஓட்டுவதற்கு முன்னால் எல்லோரும் பாதையை நடந்து பார்க்க வேண்டுமாம். நடந்தேன். புழுதியில் செருப்பு அமிழ்ந்தது. முதலில் வரிசையாக நிற்கும் கோன்களுக்கு இடையே பாம்பு மாதிரி போக வேண்டும். பிறகு ஒரு நீளமான ஓட்டம், அதன் முடிவில் ஒற்றைக் கோனைச் சுற்றித் திரும்ப வேண்டும், திரும்பி வந்து ஒரு கட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். இரண்டு முறை ஓட்டலாம், எது நல்ல நேரமோ அதை எடுத்துக்கொள்வார்கள். ஒருத்தர் நின்று இங்கிலீஷில் கடகடவென்று விதிகளைச் சொன்னார். நான் ஹெல்மெட்டுக்குள் துண்டைச் சரி செய்துகொண்டிருந்தேன். பாதை மனதில் நின்றது, அது போதும் என்று நினைத்தேன். இதென்ன, லைசென்ஸ் டெஸ்டில் எட்டுப் போடுகிற கதைதானே. எத்தனை பேரை எட்டுப் போட வைத்திருக்கிறேன்.

அங்கேதான் கோட்டை விட்டேன்.

கொடி அசைந்தது. கிளம்பினேன். கிளட்சை விட்டது அழகாக விட்டேன், அதில் என்னைக் குறை சொல்ல முடியாது. முதல் கோன் இடது பக்கம். இண்டிகேட்டர் போட்டேன். கண்ணாடியைப் பார்த்தேன். பிரேக்கைத் தொட்டேன். கோனிலிருந்து ஒரு முழம் தள்ளிச் சுற்றினேன். அடுத்தது வலது பக்கம். இண்டிகேட்டர். கண்ணாடி. பிரேக். வெளியே யாரோ கைகொட்டிச் சிரிப்பது கேட்டது, எதற்கென்று புரியவில்லை. நீள ஓட்டத்தில் மூன்றாவது கியர் வரைக்கும் போனேன். ஆனால் ஒற்றைக் கோன் இன்னும் தூரத்தில் இருக்கும்போதே கால் பிரேக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டது. நான் ஏற்றவில்லை. அதுவாக ஏறியது. வண்டி உறுமி, கிட்டத்தட்ட நின்று, நடந்து போய்த் திரும்பியது. திரும்பும்போது ஒரு ஹாரன் வேறு அடித்திருக்கிறேன். எதிரே வருகிறவனுக்குத் தெரிய வேண்டாமா? எதிரே ஒரு ஈ காக்கை இல்லை.

கட்டத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் தள்ளினேன். மைக்கில் பேசிக்கொண்டிருந்தவன் கன்னடத்தில், "மேடம் லைசென்ஸ் பாஸ் ஆய்த்து" என்றான். நிலம் முழுக்கச் சிரித்தது. ஓரத்தில் ஸ்பீக்கர் கட்டிய கம்பத்துக்குப் பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பெண் கூடச் சிரித்தாள்.

எனக்கு அழுகை வந்தது. துக்கத்தில் வருகிற அழுகை இல்லை, கன்னத்தில் அறையத் தோன்றும்போது வருகிற அழுகை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே இறங்கி நேராக மைக்குக்காரனிடம் போனேன்.

"சிரிச்சது போதும். டைம் சொல்லு."

சொன்னான். அதுவரை ஓட்டியவர்களில் நான்தான் கடைசி. கடைசிக்கு முன்னால் இருந்தவனுக்கும் எனக்கும் இடையில் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

கோதுமை மூட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்றைக்கு அவர் பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போயிருப்பார். மனதுக்குள் ஒரே யோசனைதான் ஓடியது. குறுக்கே யாரும் இல்லாத வெற்று மண்ணிலும் கால் பிரேக்குக்குத்தான் போனது. ஓனர் சொன்னது சரி. திங்கட்கிழமை நானாகவே ஸ்டூலைத் துடைத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். அந்த நினைப்பு வந்ததும் இன்னும் கோபம் வந்தது, ஆனால் யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

திருநெல்வேலிக்காரி நேரம் எழுதி ஒட்டியிருந்த பலகையைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "மேடம், உங்களுக்கு முன்னாடி போன நீலக் காரு மூணு கோனை இடிச்சிருக்கு. ஆனாலும் உங்களவிட எம்புட்டோ மேல இருக்காரு."

"மூணு இடிச்சவன் எப்படி மேல இருப்பான்? ஃபெயில் இல்லியா அவன்?"

"ஃபெயிலா? எதுக்கு ஃபெயிலு? ஒரு கோனுக்கு ரெண்டு செகண்ட் கூட்டுவாங்க. அவ்வளவுதான் மேடம்."

"இடிச்சா ஃபெயில் இல்லியா?"

"இல்ல மேடம்."

அவளை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னாள். எங்கள் தொழிலில் கம்பைத் தொட்டால் முடிந்தது. லைசென்ஸ் டெஸ்டில் தொட்டவள் அழுதுகொண்டு இறங்குவாள், மறுபடி தேதி வாங்கி, மறுபடி வரிசையில் நின்று, மறுபடி நடுங்கிக்கொண்டு வருவாள். நான் ஒவ்வொருத்தியிடமும் முதல் நாளே சொல்வது அதுதான்: தொடாதே, தொட்டால் போச்சு. இத்தனை வருடமாக என் வாயால் சொல்லிச் சொல்லி அது என் காலுக்குள்ளேயே போய்விட்டிருக்கிறது. இந்த மண்ணில் மட்டும், தொட்டால் இரண்டு செகண்டாம். கொடுத்துவிட்டு மேலே போகலாமாம். எனக்கு யாராவது இதை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லித்தான் இருப்பார்கள், அந்தக் கடகட இங்கிலீஷில். நான் துண்டைத் திணித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது முறை என் நம்பரைக் கூப்பிட்டபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. எல் ஸ்டிக்கரைப் பார்த்து இரண்டு மூன்று பேர் ஃபோனை எடுத்தார்கள். எடுங்கடா, நன்றாக எடுங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கொடி விழுந்ததும் இரண்டாவது கியரில் போட்டு அங்கேயே வைத்துக்கொண்டேன். முதல் கோன் வந்தது. கால் அசைந்தது. ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிரேக் மேல் போய் நின்றது.

"கால எடுடி" என்றேன்.

சத்தமாகவே சொன்னேன். ஹெல்மெட்டுக்குள் எனக்கே காது அடைத்தது. ஸ்கூலில் எந்தப் பெண்ணிடமும் அப்படி ஒரு குரலில் பேசியதில்லை, பேசியிருந்தால் அவள் கார் கதவைத் திறந்து ஓடியிருப்பாள். கால் பிரேக்கை விட்டு ஆக்ஸிலரேட்டருக்கே வந்தது. வண்டி கோன் மேல் ஏறியது. டொப்பென்று ஒரு சத்தம், பம்பருக்கு அடியில் எதுவோ உருண்டது.

அவ்வளவுதான். யாரும் விழவில்லை. யாரும் அலறவில்லை. ரப்பர் கோன் ஒன்று சாய்ந்தது. வெளியே ஒரு பையன் ஓடி வந்து அதை நிமிர்த்தி வைத்திருப்பான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த கோனை வேண்டுமென்றே இடித்தேன் என்று திருநெல்வேலிக்காரி இன்றைக்கும் சொல்கிறாள். நான் இல்லை என்கிறேன். சரி, இடித்தேன். அது சாய்வதைப் பார்க்க ஆசையாக இருந்தது. மூன்றாவதை ஒட்டி உரசிக்கொண்டு போனேன், நாலாவதை அதைவிட நெருக்கமாக. கதவுக்கும் கோனுக்கும் நடுவில் கை நுழையாது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, டயர் மண்ணைக் கிளறி, பின்பக்கம் லேசாக வழுக்கியது. அந்த வண்டிக்கு அப்படி வழுக்கத் தெரியும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. இத்தனை வருடம் அதில் உட்கார்ந்திருக்கிறேன்.

நீள ஓட்டம். இன்ஜின் கத்தியது. தொட்டபெட்டாவில் முக்கிய அதே கத்தல்தான். கத்தட்டும் என்று விட்டேன். ஒற்றைக் கோன் வந்துகொண்டே இருந்தது. கால் மறுபடி துடித்தது. இன்னும் இல்லை என்றேன். இன்னும் இல்லை. அப்புறம் இப்போது என்றேன், மிதித்தது. நான் சொல்லித்தான் மிதித்தது. அந்த ஒரு மிதியை என்னால் எழுதிக் காட்ட முடியவில்லை. மிதித்தது நான் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். வண்டி மூக்கைக் குத்தி, கோனைச் சுற்றி அரைவட்டம் போட்டது, கண்ணாடி முழுக்கச் செம்புழுதி. நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிக் கத்தினேன். சந்தோஷத்தில் வந்த கெட்ட வார்த்தை.

கட்டத்தில் நிறுத்தியபோது வண்டிக்கு அடியில் ஒரு கோன் மாட்டிக்கொண்டு கூடவே வந்திருந்தது. இரண்டு பேர் குனிந்து அதை இழுத்து எடுத்தார்கள். மைக்குக்காரன் நேரத்தைச் சொன்னான், அதோடு இடித்த கோன்களுக்கு உண்டானதையும் கூட்டினான். நான் கடைசி இல்லை. கடைசிக்கு முன்னால். எனக்குப் பின்னால் இருந்தவன் ஏதோ கோனைச் சுற்றாமலே போய்விட்டான் என்று சொன்னார்கள். அதைப் பற்றி எனக்கென்ன? எனக்குப் பின்னால் ஒருத்தன் இருந்தான்.

வீட்டுக்காரர் மூட்டையைத் தூக்கி டிக்கியில் வைத்தபடி, "கோனுக்கு காசு கேப்பானுங்களா?" என்றார்.

"கேட்டா நீ குடு."

திங்கட்கிழமை காலையில் ஸ்கூலுக்குள் நுழையும்போதே தெரிந்தது. எல்லா ஃபோனிலும் நான்தான். வண்டிக்கு அடியில் கோன் இழுபட, கதவில் ஸ்கூல் பேர் பளிச்சென்று தெரிய, பின்னால் எல் ஸ்டிக்கரோடு. எவனோ எடுத்துப் போட்டு, அது எங்கள் அல்சூர் வரைக்கும் வந்துவிட்டிருந்தது. ஓனர் நாற்காலியில் உட்காரவே இல்லை, நின்றுகொண்டே பேசினார்.

"ஏம்மா, இன்ஸ்ட்ரக்டரே கோனை இடிச்சா எவம்மா நம்ம கிட்ட எட்டுப் போடக் கத்துக்க வருவான்? நம்ம பேரை இழுத்துத் தெருவுல போட்டுட்டியே. சாக்கும்மா, சாக்கு, போதும். மாசக் கடைசி எல்லாம் வேணாம். இன்னிக்கே டேபிளுக்கு வந்துடு."

"மாசக் கடைசின்னு சொன்னது நீங்க. மாசம் முடியல."

"கால் நிக்கணும்னு சொன்னேன். கோனை இடிக்கச் சொல்லல."

"கால் நின்னுடுச்சு."

"யார் சொன்னா?"

"பின்னாடி வந்து உக்காருங்க, பாருங்க."

அவர் எதிர்பார்க்கவில்லை. வெளியே வண்டியில் திருநெல்வேலிக்காரி ஏற்கெனவே ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பெல்ட் கூடப் போட்டாயிற்று. மற்ற இன்ஸ்ட்ரக்டர்கள் டீ கிளாஸோடு வாசலில் நின்று பார்த்தார்கள். இவ்வளவு பேர் முன்னால் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பின் சீட்டில் ஏறினார். பெரிய உடம்பு, சின்னக் கார். முழங்கால் இரண்டும் என் சீட்டின் முதுகில் முட்டின.

நான் இடது சீட்டில் உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்றினேன். இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டேன். இப்படி யாரும் உட்காரக் கூடாது, நான் கற்றுக்கொடுக்கும் எவளாவது நாளைக்கு இன்ஸ்ட்ரக்டர் ஆகி இப்படி உட்கார்ந்தால் முதுகில் ஒன்று வைப்பேன். ஆனால் அன்றைக்கு உட்கார்ந்தேன். அவள் கண் ஓரத்தால் என் காலைப் பார்த்தாள்.

"கிளம்பு" என்றேன். "எனக்கு ஒரு வேலையும் இல்ல. நீதான் ஓட்டுற."

கிளம்பினாள். அல்சூர் பஜார் தெரு காலை நேரத்தில் எப்படி இருக்கும் என்று அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். பூக்கூடை, பால் வண்டி, ஸ்கூட்டரில் மூன்று பிள்ளைகளோடு ஒரு அப்பா, நடுத்தெருவில் நின்று ஃபோன் பேசுகிற ஒருத்தன். அவள் ஒவ்வொன்றையும் பார்த்து மெதுவாக வளைத்து வளைத்துப் போனாள். நான் வாயால் கூட ஒன்றும் சொல்லவில்லை. தொடைக்கு அடியில் வலது கால் நெளிந்தது. அதன் மேல் நன்றாக அழுத்தி உட்கார்ந்தேன். பின்னால் ஓனர் மூச்சு விடுகிற சத்தம் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

கோயில் திருப்பத்தில் ஒரு ஆட்டோ, கையும் காட்டாமல் ஒன்றும் காட்டாமல், எங்களுக்கு முன்னால் நுழைந்து சடாரென்று நின்றது.

என் சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார் ஓனர். "பிரேக் போடும்மா. பிரேக், பிரேக், ஐயோ, பிரேக் போடு."

வண்டி ஏற்கெனவே நின்றிருந்தது. ஆட்டோவுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் தாராளமாக நடந்து போகலாம். இன்ஜின் கூட அணையவில்லை. திருநெல்வேலிக்காரி கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தாள்.

"போட்டுட்டேன் சார்" என்றாள்.